ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம்



சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று எங்கள் நிலையத்துக்கு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை பழைய வினாத்தாள் செய்து பார்த்தீர்கள்?" என்பதைத்தான். அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும். "இன்னும் படித்து முடியவில்லை அக்கா. முடிந்ததும் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம்." படித்து முடிவது என்று ஒரு நாள் இந்தப் பரீட்சைக்கு வரவே வராது. பொது அறிவுக்கு எல்லை இல்லை. நுண்ணறிவுக்குப் பாடப்புத்தகம் இல்லை. மொழியை ஒரு வாரத்தில் மனனம் செய்யவும் முடியாது. ஆகவே முதலில் வினாத்தாள், பிறகு படிப்பு என்று வரிசையை மாற்றிப் போடுங்கள். வீட்டு வேலை, கூலி வேலை, பிள்ளை, வயதான தாய் தகப்பன் என்று எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வரிசை எப்படிச் சரிவரும் என்று இந்த மாதம் பார்ப்போம்.

கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி 1874 ஆம் ஆண்டு தொடங்கியது. இந்த நாட்டில் சட்டத்தரணியாக வர விரும்பும் எவரும் அந்தக் கல்லூரியின் வாசலைத் தாண்டியே ஆக வேண்டும். பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றவர்களும் அங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி தவறியவர்களுக்கும், பல்கலைக்கழகம் போகும் வயதைப் போரில் தொலைத்தவர்களுக்கும் திறந்திருக்கும் கதவு போட்டி நுழைவுப் பரீட்சை. அதில் ஒரு பக்கம் பொது அறிவும் நுண்ணறிவும், மறுபக்கம் மொழி. தமிழிலேயே எழுதலாம்.

இந்த மொழி விடயத்தில் பலருக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது. கல்லூரிக்குள் படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் என்று 2020 ஆம் ஆண்டு இறுதியில் ஒரு விதி வர்த்தமானியில் வந்தது. அதைக் கேள்விப்பட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த விதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. மூடிய புத்தகத்தைத் திறக்கலாம்.

ஆனாலும் ஆங்கிலத்தை முற்றாகக் கைகழுவ முடியாது. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியோடு, சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி கேட்பது வழக்கம். எங்கள் பெண்களில் அதிகமானோர் சிக்கிக்கொள்வது இந்த ஆங்கிலத் திறமைச் சித்தியில்தான். அது இல்லாதவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம். உங்கள் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் சாதாரண சித்தி மட்டும் இருந்தால், உங்கள் அட்டவணை சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடம் பிந்தும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் அலவத்துகொட ஊடாகப் போகும் வீதியில் ஏறி வடக்கே போனால் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி கடந்து யாழ்ப்பாணம் வரும். இதுதான் ஏ-9. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்த வீதியால் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. 2009 இற்குப் பிறகு அவர்களில் சிலர் உறவினரைத் தேடி இதே வீதியால் திரும்பி வந்தார்கள். உயர்தரம் எழுத வேண்டிய வயதில் பதுங்குகுழியிலும், பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் இருந்த பிள்ளைகள் அவர்கள். முகாமுக்குள்ளேயே பரீட்சை எழுதியவர்களும் உண்டு. இன்று அவர்களுக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

இவர்கள் சட்டம் படிக்க நினைப்பது கௌரவத்துக்காக அல்ல. அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். கண்டியில் அது சிங்களம். மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை அதே உறுப்புரை தருகிறது. ஆனால் தன் பராமரிப்பு வழக்கிலோ காணி வழக்கிலோ தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் விறாந்தையில் நின்ற ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் தன் மொழியில் காதோடு சொல்ல ஒருவர் இருப்பதன் பெறுமதியை அவர் சொல்வார். காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம் என்று 2016 இல் சட்டம் வந்தது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் அலைந்த தாய்மார் எத்தனை பேர்! சட்டம் தெரிந்த, தமிழ் பேசும் பெண்கள் எங்கள் ஊர்களுக்கு வேண்டும்.

இனி அட்டவணைக்கு வருவோம்.

பரீட்சை எழுதிப் பார்ப்பது படித்ததை அளந்து பார்க்கத்தான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் எழுதிப் பார்ப்பதும் ஒரு படிப்புத்தான். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களுக்கு ஒரு பந்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறை அதையே திரும்பப் படிக்கச் செய்தார்கள். இன்னொரு முறை தாளை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்ததுதான் நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்ததில் நூற்றுக்கு 42 நினைவில் நின்றது. எழுதிப் பார்த்ததில் 56. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி வருகிறதல்லவா, அந்தத் திருப்தியை நம்ப வேண்டாம். இரவு பத்து மணிக்குப் பிறகு கண் சொக்கச் சொக்கப் பொது அறிவுப் புத்தகம் வாசிக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தைவிட, காலையில் புத்தகத்தை மூடி வைத்துப் பதினைந்து நிமிடம் எழுதிப் பார்ப்பது கூடப் பலன் தரும்.

எங்கள் நிலையத்துக்கு வரும் ஒரு தங்கச்சியின் அட்டவணையை அவருடைய சம்மதத்தோடு இங்கே தருகிறேன். பெயர் வேண்டாம் என்றார். இரண்டு பிள்ளைகள். அக்குறணையில் ஒரு கடையில் திங்கள் முதல் சனி வரை வேலை. வீட்டில் மாமியார். அவர் முதலில் தானே ஒரு அட்டவணை போட்டுக் கொண்டு வந்தார். அதிகாலை நாலு மணிக்கு எழும்பி இரண்டு மணித்தியாலம், இரவு இரண்டு மணித்தியாலம், கிழமைக்கு மூன்று முழு வினாத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வர்ணப் பேனாவால் கோடு போட்டிருந்தார். ஒன்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அட்டவணை நின்றது. நின்றதும், "என்னால் ஏலாது" என்று அழுதார்.

அவரால் ஏலாமல் போகவில்லை. அந்த அட்டவணைதான் வேறு யாருக்கோ போட்டது. சமைத்த சாப்பாடு மேசைக்கு வரும் ஒரு இளைஞனுக்கு அது பொருந்தும். ரியூட்டரிகளில் ஒட்டியிருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். எங்களுடைய அட்டவணையை வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே முதலில் ஒரு கிழமை எதுவும் படிக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்தக் கிழமை முழுவதும் எந்த நேரம் எதில் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தார். அதைப் பார்த்தபோது மூன்று இடங்கள் அகப்பட்டன. காலையில் தேநீர் வைத்துப் பிள்ளைகள் எழும்பும் வரை 25 நிமிடம். பஸ்ஸில் போகவர 40 நிமிடம் (நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம், ஆனாலும் காது சும்மாதான் இருக்கிறது). ஞாயிறு காலை பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்குப் போனால் 8.30 முதல் 11.30 வரை வீடு அமைதி. இந்தக் கடைசி நேரந்தான் பொக்கிஷம். கத்தோலிக்க வீடுகளில் மறைக்கல்வி, முஸ்லிம் வீடுகளில் அஹதியா என்று ஞாயிறு காலை பல வீடுகளில் பிள்ளைகள் வெளியேதான் இருக்கிறார்கள். நாமோ அந்த நேரத்தைத் தேங்காய் துருவவும் உடுப்புத் துவைக்கவும் கொடுத்துவிடுகிறோம்.

ஞாயிறு மூன்று மணித்தியாலத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். இதை மறைத்துச் செய்ய முடியாது. மாமியாரிடம் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாமி, பதினாறு ஞாயிறு மட்டும். அந்த மூன்று மணித்தியாலமும் நான் கோயிலுக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கோ." பதினாறு என்று எண்ணிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முடிவு தெரிந்த உதவியைச் செய்ய மனிதர்கள் தயங்குவது குறைவு. மாமியார் கலண்டரில் ஒவ்வொரு ஞாயிறாகத் தானே கோடு போட்டு வந்தார். சனிக்கிழமை இரவே கறி வைத்துவிடுவது என்றும் ஒப்பந்தம். கணவன்மாரோடு இருக்கும் சகோதரிகள் அவரிடமும் இப்படியே எண்ணிக்கையோடு கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் இடமே இல்லை என்றால் வெளியே பாருங்கள். சனசமூக நிலையம், முன்பள்ளி அறை, கோயில் மண்டபம் எதுவும் சரி. கிழமை நாளில் ஓய்வு கிடைப்பவர்களுக்குக் கண்டி நகரில் டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. இங்கே மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு முன்பள்ளி அறையைக் கேட்டு வாங்கினார்கள். மூவரும் ஒரே வினாத்தாளை ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். பேச்சு இல்லை. குட்டிக் கதிரைகளில் முழங்கால் மடக்கி உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள், அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் தனியாக எழுதும்போது எழும்பிப் போகத் தோன்றுகிற அந்த முப்பதாவது நிமிடத்தில், பக்கத்தில் இருப்பவள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எழும்ப மனம் வராது.

பதினாறு ஞாயிறுகளையும் பரீட்சை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திகதி அறிவிக்கப்படவில்லை என்றால் போன வருடம் நடந்த மாதத்தை வைத்து எண்ணித் தொடங்குங்கள். வர்த்தமானி வரட்டும் என்று காத்திருந்தால் மிஞ்சுவது விண்ணப்பம் நிரப்பும் நேரம் மட்டுமே.

முதல் ஞாயிறு, எதுவும் படிக்காமல் ஒரு பழைய வினாத்தாள் முழுதாக. புள்ளி குறைவாகத்தான் வரும். வரட்டும். அந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எந்தப் பகுதியில் கை நின்றுபோனது என்று தெரிந்துகொள்ளவே அது.

இரண்டாம் ஞாயிறிலிருந்து ஆறாம் ஞாயிறு வரை முழு வினாத்தாள் வேண்டாம். பகுதி பகுதியாகச் செய்யுங்கள். ஒரு ஞாயிறு நுண்ணறிவு வினாக்கள் மட்டும், அடுத்த ஞாயிறு மொழி மட்டும் என்று. கிழமை நாளின் 25 நிமிடத்தில் பத்து வினா. ஏழாம் ஞாயிறிலிருந்து ஒரு ஞாயிறு முழு வினாத்தாள், அடுத்த ஞாயிறு அதைத் திருத்திப் பார்ப்பது. எழுதிய நேரத்தைவிடத் திருத்தும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். புள்ளியை எண்ணி, பெருமூச்சு விட்டு, அடுத்த தாளை எடுப்பார்கள். இருபது வினாத்தாள் செய்தும் அதே பிழையைச் செய்வார்கள்.

திருத்துவதற்கு ஒரு தனிக் கொப்பி வையுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அது எந்த வகை என்று எழுதுங்கள். தெரியாமல் விட்டதா? தெரிந்தும் வினாவைப் பிழையாக வாசித்ததா? நேரம் போதாமல் போனதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எங்கள் தங்கச்சியின் முதல் மூன்று தாள்களில் பாதிப் பிழை இரண்டாம் வகை. "பொருந்தாதது எது" என்று கேட்டிருக்கும், இவர் பொருந்துவதைத் தெரிந்திருப்பார். அவருக்குப் புதிதாக ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதால் என்ன பயன்? வினாவில் உள்ள "அல்ல", "தவிர", "பொருந்தாத" என்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடும் பழக்கந்தான் தேவைப்பட்டது. மூன்று கிழமையில் அந்தப் பழக்கம் வந்தது.

நேரம் போதாதவர்களுக்கு ஒரு கணக்கு. 50 வினாவுக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வினாவுக்கு 72 செக்கன். 2, 5, 10, 17, 26 என்ற தொடரில் அடுத்தது என்ன என்று கேட்டால், வித்தியாசம் 3, 5, 7, 9 என்று போவதைக் கண்டவர் இருபது செக்கனில் 37 என்று எழுதிவிடுவார். மிஞ்சிய ஐம்பது செக்கன் வேறொரு வினாவுக்கு உதவும். மூன்றரை மணிக்கு மணிக்கூட்டின் இரு முட்களுக்கும் இடையே எத்தனை பாகை என்று கேட்டால் 90 என்று எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் அதிகம். மணி முள் மூன்றில் நிற்பதில்லை, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்திருக்கும். விடை 75. இப்படியான வினா வகைகளை எண்ணினால் இருபது முப்பதுக்குள் அடங்கும். கிழமைக்கு இரண்டு வகை என்று பிடித்தால் போதும். வகை தெரியாத வினாவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். ஒரு புள்ளடி போட்டுவிட்டுத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வாருங்கள்.

பொது அறிவை ஒற்றை ஒற்றை வரியாகப் படிப்பதைவிடக் கோர்த்துப் படியுங்கள். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். 1994 இல் சந்திரிகா குமாரதுங்க பிரதமராகி, அதே வருடம் ஜனாதிபதியும் ஆனார். 2011 இல் ஷிராணி பண்டாரநாயக்க முதல் பெண் பிரதம நீதியரசர். 2024 இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். ஐந்து வருடங்கள், ஒரே நூல். 1978 அரசியலமைப்பு, 1987 இல் மாகாண சபைகளைத் தந்த 13 ஆவது திருத்தம், 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று இன்னொரு நூல். பஸ்ஸில் போகும்போது இவற்றைத் தொலைபேசியில் தங்கள் குரலிலேயே பதிந்து வைத்துக் கேட்கலாம். வினாவைச் சொல்லிவிட்டு ஐந்து செக்கன் இடைவெளி விட்டு விடையைப் பதியுங்கள். அந்த ஐந்து செக்கனில் மனதுக்குள் நீங்களே விடை சொல்லிப் பார்க்கலாம்.

மொழிப் பகுதிக்கு வீரகேசரியோ தினகரனோ போதும். ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் இரண்டு மாதத்தில் கையெழுத்தின் வேகமே மாறிவிடும். பத்திரிகை வாங்கக் காசில்லை என்றால் கடையில் சாமான் சுற்றி வரும் பழைய பத்திரிகையும் சரிதான். சுருக்கம் எழுதப் பழைய பத்திரிகை என்றால் என்ன, புதியது என்றால் என்ன!

தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிப் பரீட்சைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவின் 'கிளாட்' என்ற சட்ட நுழைவுப் பரீட்சைக்கு உரியவை. அது ஆங்கிலத்தில் மட்டும் நடப்பது. இரண்டு மணித்தியாலத்தில் 120 வினா. பிழையான விடைக்குக் கால் புள்ளி கழிப்பார்கள். இந்திய அரசியலமைப்பும் இந்தியச் செய்திகளும் அதில் நிறைய வரும். தர்க்க வினாக்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வரும் புள்ளியைப் பார்த்து மகிழவும் வேண்டாம், இடிந்துபோகவும் வேண்டாம். எங்கள் பரீட்சையின் முறையை எங்கள் பழைய வினாத்தாளும் அந்த வருட அறிவித்தலும்தான் சொல்லும். பழைய வினாத்தாள்கள் கிடைப்பதும் மிகச் சிலவே. ஆகவே ஆகப் புதிய இரண்டைத் தொடாமல் கட்டி வையுங்கள். ஆரம்பத்திலேயே அவற்றைச் செய்து தீர்த்துவிட்டால் கடைசியில் உங்கள் நிலையை அறிய ஒன்றும் மிஞ்சாது.

அந்த இரண்டையும் பதின்மூன்றாம், பதினைந்தாம் ஞாயிறுகளில் செய்யுங்கள். அன்றைக்கு எல்லாம் பரீட்சை நாள் போலவே இருக்க வேண்டும். அறிவித்தலில் போட்டுள்ள அதே நேரத்துக்குத் தொடக்கம், அதே ஒழுங்கில் இரண்டு தாளும், இடையில் அதே ஓய்வு. அன்று மட்டும் மூன்று மணித்தியாலம் போதாது, அரை நாளுக்கு மேல் கேட்டு வாங்குங்கள். பாயில் படுத்துக்கொண்டு எழுதக் கூடாது, கதிரை மேசை வேண்டும். பதினாறாம் ஞாயிறுக்கு முழுத் தாள் வைக்காமல் பிழைக் கொப்பியை மட்டும் வாசியுங்கள்.

கணக்குப் பார்த்தால் முழு வினாத்தாள்கள் ஆறோ ஏழோதான் வரும். "அவ்வளவு குறைவா?" என்று கேட்பீர்கள். திருத்திப் படித்த ஆறு, புள்ளி மட்டும் எண்ணிய இருபதைவிட மேல். இடையில் இரண்டு ஞாயிறை வெறுமையாகவும் விடுங்கள். தீபாவளி வரும், சாவீடு வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே நின்று, மிச்சத் தாள்கள் 2026 ஜனவரியில் நடந்தன. நாட்டின் பரீட்சைக்கே அப்படி என்றால் எங்கள் வீட்டு அட்டவணை எம்மாத்திரம்? வெறும் ஞாயிறு இருந்தால் தவறியதை அங்கே போடலாம். எல்லாக் கட்டமும் நிறைந்த அட்டவணை, ஒரு கட்டம் விழுந்தவுடன் முழுதாக விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எங்கள் வாசகியரில் பலருக்கு மட்டும் உரிய விடயம், ரியூட்டரியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மூடிய மண்டபம், கதவில் அடையாள அட்டை பார்க்கும் ஆள், வரிசையில் நிற்பது, திடீரென்று ஒரு மணிச் சத்தம். இவை எல்லாம் சிலருக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும். கை நடுங்கும், படித்தது எல்லாம் மறந்து வெறுமையாகும். இது படிப்பின் குறை அல்ல, உடம்பு பழையதை நினைக்கிறது. அதற்கும் இந்த ஞாயிறுகளே பயிற்சி. ஒருவரை வாசலில் நிறுத்தி அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், மணி அடிக்கச் சொல்லுங்கள். நடுக்கம் வந்தால் பேனாவைக் கீழே வைத்து, இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, மெதுவாகப் பத்து மூச்சு. பிறகு நிச்சயமாகத் தெரிந்த ஒரு வினாவிலிருந்து தொடங்குங்கள். ஒரு நிமிடந்தான் போகும். நான்கைந்து ஞாயிறில் பழகிவிட்டால் மண்டபம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. இரவில் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் பயிற்சியோடு நிற்காமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

காயத்தால் கையோ கண்ணோ பாதிக்கப்பட்ட சகோதரிகள், மேலதிக நேரத்துக்கோ எழுதுவதற்கு உதவியாளருக்கோ மருத்துவச் சான்றிதழோடு பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உதவியாளரோடு எழுதுவதாக இருந்தால் பயிற்சியும் அப்படியே நடக்கட்டும். விடையை வாயால் சொல்லி இன்னொருவரை எழுதவைப்பது ஒரு தனிப் பழக்கம்.

போட்டி கடுமையானது என்பதை ஒளிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள், சில நூறு பேருக்கே இடம். தெரிவானாலும் மூன்று வருடம் கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவு இருக்கிறது. அதையும் வீட்டில் இப்போதே பேசுங்கள். ஆனால் இந்தப் பதினாறு ஞாயிறும் ஒரு பரீட்சையோடு முடிந்துபோவதில்லை. கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை அலுவலர் போன்ற அரச போட்டிப் பரீட்சைகளிலும் மொழியும் பொது அறிவும் உளச்சார்பும்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தத் தங்கச்சி இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தீர்மானித்திருக்கிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அட்டவணையின் முதல் கிழமையிலேயே ஆவணங்களையும் பாருங்கள். இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழ், பழுதான அடையாள அட்டை, முகாமில் விட்டு வந்த பெறுபேற்றுச் சான்றிதழ். இவற்றின் பிரதி எடுக்க வாரங்கள் போகும், சில வேளை மாதங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு அதற்குரிய சத்தியக் கடதாசியைத் தயார் செய்யுங்கள். கொழும்பில் நிலையம் கிடைத்தால் முதல் நாளே போய்த் தங்க ஒரு உறவினர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். அலவத்துகொடவிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறிப் போய் நேரே மண்டபத்தில் உட்காரலாம் என்று நினைக்க வேண்டாம். கடுகண்ணாவையில் ஒரு லொறி குறுக்கே நின்றால் அவ்வளவுதான்.

அடுத்த மாதம், சாதாரண தர ஆங்கிலத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதுவது பற்றிப் பார்ப்போம். அதற்குள் ஒரு கலண்டரை எடுத்துப் பதினாறு ஞாயிறுகளைக் குறித்து, அதில் வெறுமையாக விடும் இரண்டுக்கு வட்டம் போட்டு வையுங்கள்.